சவரிமுத்துவுக்கு ஜெர்மன் தெரியும்

சேதி வந்தபோது நான் படப்பை மார்க்கெட்டில் மீன்காரி ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்றைக்கோ செத்த சங்கராவை ஐஸுக்குள் புதைத்து வைத்துக்கொண்டு, "காலைலதான் துள்ளிக்கினு இருந்திச்சி" என்று என்னிடமே சொல்கிறாள். மீன் விஷயத்தில் என்னை ஏமாற்றியவர் இந்தத் தாலுக்காவிலேயே கிடையாது. செவுளைப் பிரித்துச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் பெரிய மகன் சைக்கிளில் வந்தான். ஒரு காலைத் தரையில் ஊன்றினான், இறங்கவில்லை.

"அப்பா, சித்தப்பா பூட்டாரு."

மீனை அவள் தட்டிலேயே போட்டுவிட்டு ஒரகடம் பஸ் ஏறினேன். கையைக் கழுவத் தோன்றவில்லை. அந்த நாற்றத்தோடுதான் என் சகலை சவரிமுத்துவின் குளிர்ந்த கையைப் பிடித்தேன்.

சவரிமுத்து, என் மனைவி இருதயமேரியின் தங்கை ரோசம்மாவைக் கட்டியவர். வயதில் எனக்கு இளையவர். ஒரே கம்பெனியில், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் வேலை பார்த்தோம். ஒரே பாதையில் சைக்கிள் மிதித்தோம். அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கும் காகிதத்தில் போட, "நாலு வரி எழுதிக் குடுங்க பெரியப்பா" என்று அவர் பிள்ளைகள் கேட்டார்கள். நாலு வரியில் எழுத என்னால் ஆகாது. நான் எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்து எட்டு, இந்தக் காலத்து எம்.ஏ.வைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சாவு வீட்டில் வந்தவர் போனவர் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். "விட்டுக்குடுக்குற மனுசன்." "தனக்குன்னு ஒண்ணும் கேக்காதவரு." கோயிலில் பங்குச் சாமியாரும் அதையே நீட்டி முழக்கினார். கேட்கக் கேட்க எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த மீன் நாற்றம் அதற்கு எவ்வளவோ மேல்.

அந்தக் குமட்டல் ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் மாமனார் முறை பார்க்கிறவர். அவர் வீட்டில் முதல் செம்பு தண்ணீர் மூத்த மாப்பிள்ளைக்கு. முதல் இலை மூத்த மாப்பிள்ளைக்கு. கோழி அடித்தால் ஈரல் மூத்த மாப்பிள்ளைக்கு. மூத்த மாப்பிள்ளை நான். முறையை நான் குறை சொல்ல மாட்டேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சவரிமுத்து கல்யாணமாகி முதல்முறை விருந்துக்கு வந்த அன்றைக்கு, எனக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பஞ்சாயத்து. என்னை விட்டால் தீர்த்துவைக்க ஆளில்லை. நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. புது மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். குழம்பு ஆடை கட்டிவிட்டது. சோற்றில் கை வைக்கவில்லை.

"ஏம்பா, சாப்பிட வேண்டியதுதானே?"

"நீங்க வராம எப்டிண்ணே?"

அப்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த ஆடை கட்டின குழம்பு தொண்டைக்குள் வருகிறது.

எங்கள் கம்பெனி பல்சக்கரம் வெட்டுகிற கம்பெனி. ஒரகடம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி, தகரக் கூரை போட்ட இரண்டு ஷெட். இன்றைக்கு மாதிரி அல்ல. அப்போது இந்தச் சாலையில் எங்கள் சங்கு ஊதினால்தான் பெண்டுகள் உலை வைப்பார்கள். பழைய லேத்துகளை வைத்துக் காலம் தள்ளிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து ஒரு மெஷின் வந்தது. மரப்பெட்டியைப் பிரிக்க ஊரே கூடியது. பெட்டியைத் தூக்கி வைத்ததில் பாதி பாரம் என் தோள் என்று அன்றைக்கு இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். கூடவே ஒரு ஜெர்மன்காரர் வந்து அதைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். வெண்ணெயை வெட்டுகிற மாதிரி இரும்பு வெட்டுப்பட்டது.

சவரிமுத்து அன்றைக்கே அதன்மேல் ஆசையில் விழுந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும் நாங்களெல்லாம் தூக்குச் சட்டியைத் திறப்போம்; அவர் அந்த மெஷினைச் சுற்றிச் சுற்றி வருவார். ஒருமுறை சைக்கிளில் வரும்போது சொன்னார்:

"அண்ணே, அத்த ஒரு நாளாச்சும் நான் ஓட்டணும். அப்பால இன்னா ஆனாலும் சரி."

கொஞ்ச நாளில் கம்பெனி போர்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒரே ஒரு ஆளை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் அந்த மெஷின் அவன் பொறுப்பு. வேறு யாரும் கை வைக்கக் கூடாது. போவதற்கு ஜெர்மன் பாஷை தெரிய வேண்டும். வகுப்பு கம்பெனியே நடத்தும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் மட்டும் பெயர் கொடுக்கலாம். இங்கிலீஷ் எனக்குத் தண்ணி பட்ட பாடு. முதல் பெயர் என்னுடையது. சவரிமுத்து எனக்குப் பின்னால்தான் கொடுத்தார். காலையிலேயே வந்து, நான் கொடுக்கும் வரைக்கும் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

இனி அந்தப் பாஷையைப் பற்றி. சாவுக் காகிதத்தில் எழுதக் கூடாதுதான், ஆனாலும் எழுதுகிறேன். அதைப் போல ஒரு அசிங்கம் பிடித்த பாஷையை நான் கண்டதில்லை. கேன்டீனில் வகுப்பு. மெட்ராசிலிருந்து டை கட்டின வாத்தியார் ஒருவர் பஸ்ஸில் வருவார். கையில் இங்கிலீஷ்காரர்களுக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிற புத்தகம். முதல் நாளே ஸ்பூன், முள்கரண்டி, கத்தி மூன்றையும் மேஜையில் வைத்தார். ஸ்பூன் ஆணாம். முள்கரண்டி பெண்ணாம். கத்தி இரண்டுமில்லையாம்.

"எத்த வச்சி சார் சொல்றீங்க?" என்றேன். என்ன நியாயம் என்று கேட்க அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தைரியம் இருந்தது.

"காரணம் கிடையாது. மனப்பாடம் செய்யுங்கள்" என்றார்.

இங்கிலீஷ்காரன் எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒரே 'தி' போட்டு மரியாதையாகப் போகிறான். நம் பாஷையிலோ மனிதருக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று, குழந்தைக்குக்கூடத் தெரியும். இவர்கள் கதவைப் பெண் என்கிறார்கள், மேஜையை ஆண் என்கிறார்கள், ஜன்னலை அந்தரத்தில் விடுகிறார்கள். சூரியன் பெண்ணாம்! சரி, மனப்பாடம் செய்து தொலைத்தோம் என்று வையுங்கள். அடுத்த வாரம் வந்து, ஒரு பெண்ணுக்கு ஏதாவது கொடுக்கும்போது அவளுக்கு முன்னால் ஆணுக்குப் போடுகிற சொல்லைப் போட வேண்டும் என்கிறார். கொடுக்கிற நேரத்தில் அவள் ஆண் வேஷம் கட்டுவாளாம். தூ! வினைச்சொல்லைச் சில இடங்களில் வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறார்கள். அது ஒன்றுதான் உருப்படி. அதுவும் நம்மிடம் திருடியதாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சின்னப் பொண்ணை அஃறிணையில் சேர்த்திருக்கிறார்கள். அன்றைக்கு நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"பொண்ணப் போயி 'அது'ன்றான்பா. இவன்லாம் மனுசனா?"

சவரிமுத்து சிரித்தார். "ஏண்ணே, நேத்து வூட்டுக்கு வந்து நீங்க இன்னா கேட்டீங்க? 'ரோசம்மா இன்னா பண்ணுது? கடைக்குப் பூட்ச்சா?'ன்னுதான கேட்டீங்க?"

கேட்டேன்தான். அது வேறு விஷயம்.

நாங்கள் தலையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாப் பொருளையும் உறவாக்கிவிட்டார். சுத்தியல் மாமனார். அரம் நாத்தனார். "எப்பவும் உரசிக்கினே கீறா பாருங்க" என்பார். ஸ்க்ரூ கொழுந்தியா; பதமாகத் திருப்ப வேண்டும். எண்ணெயும் பல்சக்கரமும் கைக்குழந்தைகள். அவற்றை நாம் 'அது' என்றுதானே சொல்கிறோம்? பெஞ்சில் நின்று வேலை செய்துகொண்டே, "நாத்தனார் எங்க பூட்டா? மாமனாரத் தூக்கிக் குடுங்கண்ணே" என்பார். புதிதாக வந்த சூபர்வைசர் எங்கள் குடும்பமே ஷெட்டுக்குள் குடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் சவரிமுத்து வாத்தியாருக்கே எடுத்துக்கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார். டை கட்டினவர் என்னைத் தவிர வேறு ஒருவரைப் பாராட்டினார் என்றால் அது அவரைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து மாமனார் வீட்டில் நான் ஜெர்மன் பேசிக் காட்டுவேன். பேசினால் வீட்டு நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்கும், அவ்வளவு கம்பீரம். ஜெர்மன்காரரே என்னிடம் வந்து சந்தேகம் கேட்டதாகச் சொன்னேன். வாத்தியார் கண்கலங்கியதாகச் சொன்னேன். நான் பேசுகிற பேச்சு எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். மாமனார் மட்டும் தெருவெல்லாம் போய்ச் சொன்னார். சவரிமுத்து ஓரமாக உட்கார்ந்து, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

பரீட்சைக்கு ஜெர்மன்காரரே வந்தார். மேனேஜர் அறையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். யார் முதலில் என்று கேட்டபோது, "அண்ணன் போவட்டும்" என்றார் சவரிமுத்து. போனேன். கேட்ட எதற்கும் நான் தயங்கவில்லை; தயங்குவது என் பழக்கம் கிடையாது. அந்த மனிதருக்குத்தான் காதில் ஏதோ கோளாறு. நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துத் திரும்பக் கேட்டார்.

வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டு பக்கமாகப் போய் ஜன்னலோரம் நின்றேன். சவரிமுத்து உள்ளே போனார். ஜெர்மன்காரர் மேஜைமேல் இருந்த சுத்தியலைத் தூக்கிக் காட்டினார். சவரிமுத்து அதைப் பெண்ணாக்கினார். அரத்தைக் காட்டினார். அதைக் குழந்தையாக்கினார். பல்சக்கரத்தைக் காட்டினார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை ஆணாக்கினார். சரியான விடை எதுவென்று அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஆனால் அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். ஒருவரையும் அவர் அவரவர் இடத்தில் வைக்கவில்லை.

சாயங்காலம் முடிவு சொன்னார்கள். ஆபீசில் கணக்கு பார்த்துக்கொண்டிருந்த ரகு, மேனேஜரின் அக்கா மகன், அவன் தேர்வாகிவிட்டான்.

கம்பெனி வாசல் தாண்டியதும் சைக்கிளைக் குறுக்கே போட்டு நிறுத்தினேன்.

"இன்னாடா பண்ணே உள்ள?"

"வரலண்ணே. மறந்துட்ச்சி."

"அரம் யாருடா?"

சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்தார்.

"கேக்கறேன்ல. அரம் யாரு?"

"நாத்தனாருண்ணே."

"உள்ள இன்னா சொன்ன?"

ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை மாமனார் அவரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். "மூத்த மாப்ள இருக்கச்சே நீங்க சீமைக்குப் பூட்டா, நாளைக்கி அவரு இந்த வூட்டுப் படி எப்டி ஏறுவாரு? நீங்க அடுத்த வாட்டி போங்க மாப்ளே. கம்பெனி எங்க ஓடிப்பூடப் போவுது?"

"அவரு சொன்னா? உனக்குப் புத்தி எங்கடா போச்சி? நானும் தேறல, நீயும் தேறல. எவனோ போறான்!"

"நீங்க தேறுவீங்கன்னு நெனச்சேண்ணே" என்றார். "அவ்ளோ நல்லாப் பேசுவீங்களே."

சொல்லுங்கள், இதற்கு என்ன செய்வது? என் பேச்சை நம்பு என்று யார் அவரிடம் சொன்னது? ஊரே சிரித்துவிட்டுப் போகிற இடத்தில் இவர் ஒருவர் உட்கார்ந்து நம்பியிருக்கிறார். நம்பியதோடு நிற்காமல், ராவும் பகலும் ஆசைப்பட்டதைத் தூக்கி அதன்மேல் வைத்திருக்கிறார். மரியாதையாம். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாக இருக்கிறது. ஈரலை எனக்கு வைத்தார்கள், தின்றேன், சரி. ஜெர்மனியையும் அதே தட்டில் வைத்து நீட்டினால் என்ன அர்த்தம்? அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் மாமனார் வீட்டுப் பக்கம் போகவில்லை. போனபிறகும் ஈரலைத் தொடவில்லை. அதற்கு முன்னாலும் எனக்கு ஈரல் அவ்வளவாகப் பிடிக்காது.

ரகு போய் வந்தான். வந்தவன் மெஷினை உடைத்தான், கெடுத்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். உடைக்கவில்லை. நன்றாக ஓட்டினான். சவரிமுத்து லேத் வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் அந்த மெஷினைச் சுற்றி விழுந்திருக்கும் இரும்புச் சுருள்களை வாரிக்கொட்டப் போவார். யாரும் சொல்லவில்லை. அவராகப் போவார். கை வைக்கக் கூடாது என்பது உத்தரவு. அதனால் துடைப்பத்தை மட்டும் வைப்பார். அதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷம் கழித்து மெஷினுக்குள் ஏதோ சத்தம் வருகிறதென்று அதே ஜெர்மன்காரரை வரவழைத்தார்கள். மெஷினுக்கு அடியில் முதுகைக் கொடுத்துப் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். ரகு ஸ்டோருக்குப் போயிருந்தான். அடியிலிருந்து ஜெர்மனில் ஏதோ எரிச்சலாகக் கேட்டார். நான் என் பெஞ்சில் இருந்தேன். துடைப்பத்தோடு நின்றிருந்த சவரிமுத்து, அவர் கேட்ட எண்ணெய் கேனை எடுத்துக் குனிந்து கொடுத்தார். கொடுத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் வாய் திறந்து ஒரு நீளமான வாக்கியமும் சொன்னார். எண்ணெய் தீரப்போகிறது, புது டப்பா அலமாரியில் இருக்கிறது என்கிற மாதிரி ஏதோ. ஜெர்மனில், தயங்காமல், மளமளவென்று.

ஜெர்மன்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு எண்ணெய். சவரிமுத்துவையே உற்றுப் பார்த்தார்.

"உன்னை எனக்குத் தெரியும்" என்றார் இங்கிலீஷில். "சுத்தியல் கூடத் தெரியாதவன் நீ."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தனக்கு வந்த இங்கிலீஷில், குடும்பம், மூத்தவர், மரியாதை என்று என்னென்னவோ எடுத்துச் சொல்லப் பார்த்தார். என் பக்கம் கை வேறு காட்டினார். ஜெர்மன்காரர் கையில் இருந்த கந்தலைத் தரையில் வீசி அடித்தார்.

"உன் குடும்பத்துக்குள்ளா இந்த மெஷின் ஓடுகிறது? ஒரு ஆளைத் தேடி நான் அவ்வளவு தூரம் வந்தேன். நீ என் முகத்துக்கு நேராகப் பொய் சொன்னாய்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மறுபடி மெஷினுக்கு அடியில் போய்விட்டார். ஒரு ஜெர்மன்காரன் வாயிலிருந்து வந்ததில் எனக்குப் பிடித்த பேச்சு அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சவரிமுத்து எனக்குப் பின்னாலேயே சைக்கிள் மிதித்து வந்தார். வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற முக்கில்தான் மிதிப்பதை நிறுத்தினார்.

"அண்ணே, அவுரு கோவப்பட்டாரு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்லா வேணும் உனக்கு."

"எவ்ளோ நல்லா இருந்திச்சி தெரிமா? என்னிய ஒரு ஆளா நெனச்சிதான கோவப்பட்டாரு."

முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்த மாமனார்மேல், ரகுமேல், ஜெர்மன்மேல், இவர்மேல், எல்லார்மேலும் காறித் துப்பலாம் போல இருந்தது. "வண்டிய மிதிடா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாட்டி என்று மாமனார் சொன்னாரே, அந்த அடுத்த வாட்டி வரவே இல்லை. மாமனார் போனார். ரகு சூபர்வைசர் ஆனான். சவரிமுத்து லேத்திலேயே இருந்தார். போன மாதம் முதல் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டவர், அப்படியே உட்கார்ந்து போய்விட்டார்.

இதனால்தான் சாவு வீட்டில் அந்தப் பாட்டைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. "விட்டுக்குடுத்தவரு, விட்டுக்குடுத்தவரு" என்று ஆளாளுக்கு. வாங்கிக்கொண்டவனுக்கு அது ருசியாக இருக்கலாம். எனக்கு அது வந்து சேரக்கூட இல்லை. நடுவழியில் கொட்டிப் போனது. நான் வாசலில் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"கத்தாதீங்க. உங்களுக்கு ஜெர்மன் தெரியும்னு நம்புன ஒரே மனுசன் உள்ள படுத்துக்கினு கீறாரு."

இருதயமேரி பேசினால் அப்படித்தான் பேசுவாள்.

கல்லறைத் தோட்டத்தில் நடுகிற சிலுவையை வாசலிலேயே வைத்து, பெயிண்டர் ஒருவர் வெள்ளையில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். பெயர், தோற்றம், மறைவு எழுதியாகிவிட்டது. அதன் கீழே 'தாழ்மையின் வடிவம்' என்று போடச் சொல்லியிருக்கிறார்கள். 'தா' எழுதத் தூரிகையைத் தொட்டபோது நான் கையைப் பிடித்தேன்.

"அது வேணாம். 'ஜெர்மன் மொழி அறிந்தவர்'னு எழுது."

சவரிமுத்துவின் மகன் ஓடி வந்தான். "பெரியப்பா, சிலுவைல போயி அதெல்லாம் எழுதுவாங்களா? சாமியாரு கேட்டா இன்னா சொல்றது?"

"என்னண்ட அனுப்பு. நான் சொல்லிக்கறேன்."

பெயிண்டர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "ஜெர்மன்ல எழுதணுமா, தமிழ்ல எழுதணுமா சார்?"

"தமிழ்லயே எழுதுப்பா. படிக்கப் போறவன் நம்ம ஆளுதானே."

எழுதினார். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சாமியார் படித்தார், என்னைப் பார்த்தார், சிலுவைமேல் தீர்த்தம் தெளித்தார். ரகுவும் வந்திருந்தான். அதை அவன் படித்துவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சவரி, இனி இந்தக் காகிதத்திலும் உனக்கு மரியாதை கிடையாது. மரியாதையால் பட்டது போதும். இந்நேரம் நீ மோட்ச வாசலுக்குப் போயிருப்பாய். இராயப்பர் சாவியோடு நிற்பார். பின்னால் யார் யாரோ வருவார்கள், கிழவர்கள், பெரிய மனிதர்கள். ஓரமாக ஒதுங்கி நின்று, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று எல்லாரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்காதே. இடித்துத் தள்ளிக்கொண்டு போ. நல்ல இடமாகப் பார்த்து உட்கார். எனக்கு இடம் போட்டு வைக்காதே. நான் வருகிற அன்றைக்கு நீ இன்னும் வாசலில் நின்றுகொண்டு, என்னைக் கண்டதும் "அண்ணே, நீங்க முன்னால போங்க" என்று ஆரம்பித்தாயோ, சத்தியமாகச் சொல்கிறேன், வந்த வழியே திரும்பிப் போய்விடுவேன்.